டிக்கிக்குள் இறங்கிய மழை

திருப்பூரில் ஓடும் காரின் டிக்கி காலியாக இருந்து நான் பார்த்தது குறைவு. ஷேடு பார்க்க சாயப்பட்டறையிலிருந்து எடுத்துவந்த துணித்துண்டுகள், நூல் கோன், எலாஸ்டிக் உருளை, லேபிள் கட்டு, பையருக்கு அனுப்ப வேண்டிய சாம்பிள் பை, மூடி சரியாகத் திருகாத கெமிக்கல் கேன் என்று ஏதாவது ஒன்று அடைந்து கிடக்கும். அத்தனைக்கும் அடியில், தரைவிரிப்புக்கும் கீழே, ஸ்டெப்னி குழியில் நாலு விரற்கடைத் தண்ணீர் நின்றாலும் வண்டிக்காரருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் வேறு. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுங்கும். நள்ளிரவில் ஹாரன் தானாக அடித்து தெருவையே எழுப்பும். அதற்குப் பிறகுதான் ஆட்டோ எலக்ட்ரீசியனைத் தேடி வருவார்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 1997இல். ஊத்துக்குளிப் பக்கம் எங்கள் ஊர். பத்தாவது முடித்த பையன்களெல்லாம் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போய்க்கொண்டிருந்த காலம். எனக்குப் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் பல்லடம் ரோட்டில் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் அப்பா கொண்டுபோய் விட்டார். இரண்டு வண்டி நிற்கக்கூடிய தகரக் கொட்டகை. ஒரு பக்கம் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரிகள், இன்னொரு பக்கம் கழற்றிப் போட்ட டைனமோக்கள், மூலையில் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். கட்டிங் டேபிளிலிருந்து விழும் இந்தத் துண்டுத் துணி எங்கெங்கோ உள்ள ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கை துடைக்கப் போகிறது. எங்களுக்கு அது பக்கத்துத் தெருச் சரக்கு. அதற்குக் கை துடைப்பதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு என்பதைக் கொஞ்ச நாளில் கற்றுக்கொண்டேன்.

கடைக்காரரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பின்பக்க லைட்டு, பேட்டரி இறங்குவது, ரிமோட் வேலை செய்யாதது என்று எந்தக் கம்ப்ளெயின்ட் வந்தாலும் அவர் டெஸ்ட் லாம்பை எடுக்க மாட்டார். டிக்கியைத் திறந்து, தரைவிரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி, முகத்தை உள்ளே வைத்து மூச்சை இழுப்பார். ஈரத்துணி நாற்றம் அடித்தால் போதும், "சாமானெல்லாம் எடுத்துக் கீழ வைங்கடா" என்பார்.

"கரண்ட்டு எங்கியும் ஓடிப்போவாது கண்ணு. மொதல்ல தண்ணி எக்கட்டால வருதுன்னு பாரு" என்பது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஒயரைத் தொடுவதற்கு முன் தண்ணீரின் வழியை அடை. இன்று வரை நான் பிழைப்பது அதை வைத்துத்தான்.

இதைச் சொன்னால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வராது. வீரபாண்டிப் பக்கம் நாலைந்து ஓவர்லாக் மெஷின் போட்டு ஜாப்வொர்க் செய்துகொண்டிருந்த ஒரு கணவன் மனைவி, செகண்ட்ஹேண்டில் ஒரு சின்ன கார் வாங்கி, தைத்த பீஸ்களை அதில்தான் செக்கிங்குக்கு ஏற்றிப் போவார்கள். அவிநாசி ரோட்டில் அந்த அம்மா பிரேக் போட்டபோது பின்னால் வந்த டெம்போ முட்டிவிட்டது. டெம்போக்காரர் சத்தியம் செய்தார்: பிரேக் லைட் எரியவே இல்லை என்று. அந்த அம்மாவோ, காலையில்தான் பார்த்தேன், எரிந்தது என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

"ஏனுங் தம்பி, லைட்டு எரியலீன்னா பல்ப மாத்துனாப் போதாதுங்களா?" என்று கேட்டார்.

பல்பு நன்றாகத்தான் இருந்தது. பிரேக், பார்க்கிங், இண்டிகேட்டர், ரிவர்ஸ் என்று டெயில் லேம்புக்குள் எத்தனை பல்பு இருந்தாலும், பல வண்டிகளில் அவை எல்லாவற்றின் கரண்டும் திரும்பிப் போகும் பாதை ஒன்றே ஒன்று. டிக்கியின் ஓரத்தில், பாடியோடு சேர்த்து ஒரு ஸ்க்ரூவில் இறுக்கிய எர்த் ஒயர். அவர்கள் வண்டியில் அந்த ஸ்க்ரூவைச் சுற்றித் துருவேறிச் செதில் செதிலாக உரிந்தது. எர்த் அடைபட்டால் பிரேக் பல்புக்கு வந்த கரண்ட் சும்மா நிற்காது. பக்கத்திலுள்ள பார்க்கிங் பல்பின் இழை வழியாக நுழைந்து, பார்க்கிங் ஒயரைப் பிடித்துக்கொண்டு வண்டியின் மற்ற மூலையிலிருக்கும் பல்புக்குப் போய், அங்கே எர்த் ஆகும். 21 வாட் பிரேக் பல்பு இப்போது 5 வாட் பல்போடு ஒரே வரிசையில் மாட்டிக்கொண்டது. வோல்ட்டின் பெரும்பங்கை 5 வாட் பல்பே தின்றுவிடும். அதனால் பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் லைட் மங்கலாக எரியும், பிரேக் லைட் எரிவதே தெரியாது. காய்ந்த காலையில் துருவுக்கிடையே கொஞ்சம் உலோகம் ஒட்டிக்கொண்டு ஒழுங்காக எரிந்தது, மழை பெய்த மாலையில் கைவிட்டது.

மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை லேம்பின் எர்த் முனையிலும் வைத்து, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போய்விட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வேலை அரை மணி நேரம்: துருவைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, புது லக் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் பூசுவது. ஆனால் அண்ணன் அந்த வண்டியை அன்று விடவில்லை. துரு எதனால் வந்தது என்று பார்க்காமல் விட்டால் அடுத்த ஐப்பசியில் அந்த அம்மாவின் பின்னால் டெம்போவுக்குப் பதில் லாரி வரும் என்றார்.

எங்கள் ஊர் மழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கே காற்றோடு சரி. ஐப்பசி கார்த்திகையில் வருவதுதான் எங்களுக்கு மழை. மற்ற மாதங்களில் கார்கள் கம்பெனி வாசலில், நிழலில்லாத தெருவோரத்தில் வெயிலில் காய்கின்றன. டிக்கியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் அந்த வெயிலில் மெல்ல மெல்ல இறுகுகிறது. அமுக்கினால் திரும்ப எழும் குணத்தை இழந்து தட்டையாகிவிடுகிறது. டெயில் லேம்புக்கும் பாடிக்கும் நடுவிலிருக்கும் ஸ்பாஞ்ச் பேக்கிங் பொடிந்துபோகிறது. மாதக்கணக்கில் பெரிய மழை இல்லாததால் இது எதுவும் தெரிவதில்லை. பிறகு ஒரே ராத்திரியில் கொட்டும்போது எல்லா ஓட்டையும் ஒன்றாகத் திறந்துகொள்கிறது. தீபாவளி போனஸ் பரபரப்பு முடிந்து கம்பெனிகள் திறக்கும் வாரத்தில் எங்கள் கடை வாசலில் வண்டிகள் நிற்பது இதனால்தான்.

தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிப்பது இந்தத் தொழிலில் நான் மிகவும் நேசிக்கும் வேலை. முதலில் டிக்கியை முழுதும் கழற்ற வேண்டும். தரைவிரிப்பு, பக்கவாட்டு அட்டை, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் வெளியே வரும். விரிப்புக்கு அடியிலிருக்கும் ஃபெல்ட் பல வண்டிகளில் துணிக் கழிவைச் சீவிச் செய்தது. பார்க்க உலர்ந்திருக்கும், பிழிந்தால் சொட்டும். அதை வெயிலில் விரித்து நன்றாக உலர்த்தும்வரை எதையும் சோதிக்கக் கூடாது. பழைய ஈரமும் புது ஒழுக்கும் கலந்துவிட்டால் ஆயுசுக்கும் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு பீடிங். ஒரு சாதாரணக் காகிதத் துண்டை வைத்து டிக்கியை மூடி இழுத்துப் பாருங்கள். ரப்பர் நன்றாயிருந்தால் காகிதம் பிடித்துக்கொண்டு தயங்கித்தான் வரும். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. இப்படிச் சுற்றிலும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அடுத்தது சாக்பீஸ். கட்டிங் மாஸ்டர்கள் துணியில் கோடு போடும் மார்க்கிங் சாக்கை நுணுக்கி, உள்பக்கம் எல்லா மடிப்பிலும் விளிம்பிலும் தூவுவோம். தண்ணீர் வந்த இடத்தில் பொடி வழிந்து கோடு விழும். எட்டாத மூலைகளில் வெள்ளைப் பனியன் வேஸ்ட்டைத் திணித்து வைப்போம். எந்தத் துண்டு முதலில் நனைகிறதோ அதற்கு மேலே தேடினால் போதும்.

இனி ஒல்லியான பையன் யாராவது டார்ச்சோடு டிக்கிக்குள் படுக்க வேண்டும். பல வருஷம் அந்தப் பையன் நான்தான். பின்சீட்டை மடக்கி வைத்துக் காற்றுக்கு வழி செய்துவிட்டுத்தான் அண்ணன் டிக்கியை மூடுவார். வெளியே ஹோஸில் தண்ணீர் விடுவதற்கும் ஒரு முறை உண்டு. அழுத்தம் கூடாது, மழை விழுகிற வேகம்தான் வேண்டும். கீழேயிருந்து தொடங்கி மேலே போக வேண்டும்: முதலில் பம்பர், அப்புறம் டெயில் லேம்ப், அப்புறம் டிக்கியின் விளிம்பு, பின்கண்ணாடி, கடைசியாகக் கூரை. மேலேயிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எது குற்றவாளி என்று சொல்ல முடியாது. இருட்டில் படுத்தபடி, தகரத்தில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவில், டார்ச் வெளிச்சத்தில் ஒரு சொட்டு விளிம்பில் திரண்டு, கனத்து, மெல்ல நகர்ந்து ஒயர்க் கட்டின் மேல் ஏறுவதைப் பார்த்ததும் "அண்ணா, நிறுத்துங்க!" என்று கத்துவேன். அந்த நொடியின் சந்தோஷம் இத்தனை வருஷத்தில் குறையவில்லை.

அந்த ஜாப்வொர்க் அம்மாவின் வண்டியில் தண்ணீர் வந்தது யாரும் எதிர்பார்க்காத இடத்தில். எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருக்கும்போது கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளேயிருக்கும் காற்று போக ஒரு வழி வேண்டும். அதற்காகப் பின் பம்பருக்கு உள்ளே, ரப்பர் மடல் வைத்த சிறு திறப்புகளைக் கட்டியிருப்பார்கள். பின்னால் ஒருமுறை தட்டுப்பட்டு டிங்கரிங் பார்த்தபோது ஒரு பக்கத் திறப்பின் மடலைத் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தார்கள். சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத்தண்ணீர் நேரே உள்ளே போய் எர்த் ஸ்க்ரூவின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சின்ன மடலுக்கு ஆன செலவு ஒரு வேளை டிபன் காசுகூட இல்லை.

எல்லாத் தண்ணீரும் ஒன்றில்லை என்பது திருப்பூரில் வேலை செய்தவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயத்தொட்டியில் லிட்டருக்கு 40, 60 கிராம் என்று உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு துணியில் நிற்காது, அவ்வளவும் கழிவு நீரோடு வெளியே வரும். பல வருஷம் அது நொய்யல் ஆற்றில் போயிற்று. 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியதும், கீழேயுள்ள விவசாயிகள் வழக்குப் போட்டதும் ஊரறிந்த கதை. நிலத்தடி நீரும் கெட்டது. அந்நாளில் எங்கள் கடை போர் தண்ணீரில் கை கழுவினால் உலர்ந்த பிறகு வெள்ளை பூத்து நிற்கும். அதே தண்ணீரில்தான் ஊரின் கார்களெல்லாம் தினமும் கழுவப்பட்டன.

இந்த உப்புத்தண்ணீர் டிக்கிக்குள் போனால் நடப்பது வேறு. மழைத்தண்ணீர் காய்ந்தால் போய்விடும். உப்புத்தண்ணீர் காய்ந்தால் தண்ணீர் மட்டும்தான் போகும். ஒயர்களை இணைக்கும் கப்ளருக்குள் தங்கிய உப்பு பனிக்கால ஈரத்தைக்கூட இழுத்துக்கொண்டு நசநசத்து நிற்கும். ஒரு கப்ளரில் அடுத்தடுத்து நிற்கும் பின்களில் ஒன்றில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும், இன்னொன்று எர்த். நடுவில் உப்பு ஈரம் இருந்தால் வண்டி ஓடினாலும் நின்றாலும் கரண்ட் அந்த ஈரத்தின் வழியே கடக்கிறது. அப்படிக் கடக்கும்போது பிளஸ் பக்கத்துச் செம்பைக் கரைத்துக்கொண்டே போகிறது. கழற்றிப் பார்த்தால் எர்த் பின் ஓரளவு நன்றாயிருக்கும். சாவி போடாமலே கரண்ட் இருக்கிற பின் மட்டும் பச்சைக் களிம்பாகக் கையோடு உதிரும். அந்தப் பின் எவ்வளவு உதிர்ந்திருக்கிறது என்பதை வைத்தே, வண்டி எவ்வளவு காலமாக இப்படி நனைந்திருக்கிறது என்று ஊகிக்க முடிகிறது.

2005 ஜனவரி 1இல் ஜவுளி ஏற்றுமதிக் கோட்டா முறை ஒழிந்தது. ஏற்றுமதி பெருகியதையொட்டி ஊரில் வண்டிகள் மாறின. பெரிய ஜெர்மன் கார்கள் வரத்தொடங்கின. எடைச் சமநிலைக்காகவும் இன்ஜின் சூட்டிலிருந்து காப்பாற்றவும் அவற்றில் பலவற்றுக்குப் பேட்டரியே டிக்கிக்குள் இருக்கும். பின்பக்க ஃபியூஸ், ரிலே, லைட்டுகளை நடத்தும் எலக்ட்ரானிக் பெட்டி, ரிவர்ஸ் சென்சார் பெட்டி, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அங்கேதான். அம்பாசிடர் டிக்கியில் தண்ணீர் நின்றால் ஸ்டெப்னி நனையும், பாடி துருப்பிடிக்கும். இந்த வண்டிகளின் டிக்கியில் தண்ணீர் நின்றால் மூளை நனைகிறது.

நிட்டிங் நடத்திவந்த ஒருவரின் வண்டி அப்படித்தான் வந்தது. இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி காலி. ரிமோட்டைத் தொடாமலே டிக்கி திறந்துகொள்ளும். வேறோர் இடத்தில் பேட்டரியை மாற்றி, ஆல்டர்னேட்டரையும் மாற்றி, கடைசியில் டிக்கியிலிருக்கும் எலக்ட்ரானிக் பெட்டியை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பெட்டிக்குச் சொன்ன விலையில் ஒரு செகண்ட்ஹேண்ட் ஓவர்லாக் மெஷின் வாங்கிவிடலாம்.

அண்ணன் அப்போது கண்பார்வை மங்கி, கடைக்கு வந்து உட்கார்ந்து யோசனை சொல்வதோடு நிறுத்திக்கொண்டிருந்தார். வேலையை நான் பார்த்தேன். இந்த மாதிரி வண்டி பூட்டியபின் உடனே தூங்காது. அதன் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசி முடித்து, ஒவ்வொன்றாக அடங்க இருபது முப்பது நிமிஷம்கூட ஆகும். முழுதாக அடங்கினால் பேட்டரியிலிருந்து 50 மில்லி ஆம்பியருக்குள்தான் இழுக்க வேண்டும். ஆனால் பேட்டரியே டிக்கிக்குள் இருக்கும்போது டிக்கியைத் திறந்துவைத்தால் வண்டி எப்படித் தூங்கும்? அதற்கு ஒரு வழி உண்டு. டிக்கி லாக்கின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மூடின நிலைக்குத் திருப்பிவிட்டால், டிக்கி மூடிவிட்டது என்று வண்டி நம்பிக்கொள்ளும். (வேலை முடிந்ததும் கொக்கியைத் திரும்ப விடுவிக்காமல் டிக்கியை இறக்கினால் லாக் உடையும். இதைப் பையன்களுக்குத் தினமும் சொல்கிறேன்.) மீட்டரைத் தொடரில் மாட்டிவிட்டு டீ குடித்து வந்து பார்த்தேன். ஓர் ஆம்பியருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில், பின்சீட்டுக்கு அடியில் போகும் ஒரு லைனை எடுத்ததும் பாதி இறங்கியது.

பின்சீட்டின் கீழே தண்ணீர் போக வழியே இல்லை. தரை காய்ந்து கிடந்தது. ஆனால் கப்ளரைப் பிரித்தால் உள்ளே ஈரம், களிம்பு. ஒரு பனியனின் கீழ்நுனியைத் தண்ணீரில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஈரம் இடுப்புவரை ஏறிவிடும் அல்லவா, ஒயருக்குள்ளும் அதேதான் நடக்கிறது. மேலே பிளாஸ்டிக் உறை, உள்ளே மெல்லிய செம்பு இழைகள். அந்த இழைகளுக்கு நடுவிலிருக்கும் நூலளவு இடைவெளி தண்ணீரை இழுத்துக்கொண்டு போகிறது. டிக்கியில் நனைந்த முனையில் ஏறிய ஈரம், உறைக்குள்ளேயே பயணம் செய்து, எங்கோ தொலைவில் உலர்ந்த இடத்திலிருந்த கப்ளரில் இறங்கியிருந்தது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

மேலே தேடிப் போனால், இடதுபக்க டெயில் லேம்பின் பேக்கிங் ஒரு மூலையில் மடிந்திருந்தது. பெயின்ட் அடிக்க லேம்பைக் கழற்றித் திரும்ப மாட்டியபோது நடந்தது அது. தண்ணீர் அந்த மடிப்பில் நுழைந்து, ஒயர்க் கட்டைப் பிடித்துக்கொண்டு வழிந்து, நேரே எலக்ட்ரானிக் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. ஒயர் பெட்டிக்குள் நுழையுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறினால் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். இங்கே கட்டு நழுவி, ஒயர் மேலிருந்து கீழாகச் சாய்ந்து போயிருந்தது.

பெட்டியை மாற்ற வேண்டியதில்லை என்று பட்டது. கழற்றிப் பிரித்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் முதலில் கழுவினேன். எலக்ட்ரானிக் சாமானைத் தண்ணீரில் கழுவுவதைப் பார்த்து வண்டிக்காரர் பதறிவிட்டார். "ஏனுங்க தம்பி, தண்ணி பட்டுத்தானுங்க கெட்டுப்போச்சு!" உப்பு ஸ்பிரிட்டில் கரையாது, நல்ல தண்ணீரில்தான் கரையும் என்று விளக்கினேன். பழைய டூத்பிரஷ்ஷால் களிம்பைத் தேய்த்தெடுத்து, திரும்ப அலசி, ஈரத்தை விரட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு, ஒரு மரப்பெட்டிக்குள் குண்டு பல்பை எரியவிட்டு அந்த மிதச்சூட்டில் மறுநாள் வரை வைத்தோம். அரித்துப்போயிருந்த தடங்களின் மேல் மெல்லிய செம்புக் கம்பியை வைத்துப் பற்றவைத்தேன். ஒயர்களின் நுனிகளைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. ஒட்டியதாகத் தோன்றினாலும் நிற்காது. கடைசியில் புதுப் பின்கள், புதுப் பேக்கிங், ஒயருக்குத் தொங்கல். வண்டி அன்றிரவு 30 மில்லி ஆம்பியருக்குப் பக்கத்தில் அடங்கியது. அண்ணன் அந்தப் பெட்டியைக் கையில் வாங்கி, விரலால் ஒவ்வொரு பின்னாகத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அதற்கு மேல் பாராட்டும் பழக்கம் அவருக்கு இல்லை.

2011 எங்கள் ஊருக்குத் தண்ணீரால் சோதனை வந்த வருஷம். ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி சாயப்பட்டறைகளெல்லாம் மூடப்பட்டன. கழிவில் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்று நிபந்தனை. ஊர் மாதக்கணக்கில் படுத்துவிட்டது. ஓடாத வண்டிகள் வாசலில் நின்றபடியே பேட்டரி செத்தன. அதே வருஷம் நவம்பரில், ஒரே இரவு மழையில் ஜம்மனை ஓடையும் நொய்யலும் புரண்டு வந்தன. ஓடைக்கரை வீடுகள் போயின, மனிதர்கள் போனார்கள். காரைப் பற்றிப் பேசுவதே தவறு என்று தோன்றும் நாட்கள் அவை. ஆனாலும் அந்த வாரம் எங்களிடம் வந்த வண்டிகளில், சொந்தமாக டாக்சி ஓட்டிப் பிழைக்கிறவர்களின் வண்டிகளே அதிகம். சேறு டிக்கியில் வண்டலாக அமர்ந்திருந்தது. அவர்களுக்குச் சொன்னதையே இப்போதும் சொல்கிறேன்: வெள்ளத்தில் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பாதீர்கள். பேட்டரி மைனஸை முதலில் கழற்றுங்கள். கரண்ட் இல்லாத ஈரம் மெதுவாகத்தான் கெடுக்கும், கரண்ட் உள்ள ஈரம் ஒரே நாளில் தின்றுவிடும்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கிய பிறகு, நனைந்த வண்டிகள் பாலிஷ் போட்டு மேற்கே வந்தன. விலை குறைகிறதே என்று வாங்கியவர்கள் அடுத்த வருஷமெல்லாம் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றார்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் டிக்கியில் ஸ்டெப்னியைக் கழற்றி, குழியின் அடிமடிப்பில் விரலைவிட்டுப் பாருங்கள். மெல்லிய வண்டல் விரலில் ஒட்டினால் அந்த வண்டி வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். எவ்வளவு கழுவினாலும் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறைக் கோடு மிச்சமிருக்கும்.

சிலிக்கானைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் எங்கே வருகிறது என்று பார்க்காமல், டெயில் லேம்பைச் சுற்றியும் பீடிங்கின் மேலும் குழாய் குழாயாகச் சிலிக்கானைப் பிதுக்கிவிடும் வேலையை நான் வேலையாகவே மதிப்பதில்லை. வெளியே அடைத்துவிட்டு வேறொரு ஓட்டை இருந்தால், உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகவும் வழியில்லாமல் ஆகிவிடும். ஸ்டெப்னி குழியின் ரப்பர் மூடியைப் பிடுங்கிவிட்டால் தண்ணீர் ஓடிவிடும் என்கிறவர்களும் உண்டு. அந்த ஓட்டை வழியாகச் சக்கரத்து நீர் மேலே வரும். எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியில் போடும் சிலிகா ஜெல் பொட்டலத்தை டிக்கியில் பரப்பி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஈரக்காற்றுக்கு அது நல்லது. ஒழுகும் தண்ணீரை அது என்ன செய்யும்?

அண்ணன் இப்போது இல்லை. கடை அதே ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி நடக்கிறது. ஸ்கேனர் இருக்கிறது, பையன்கள் கம்ப்யூட்டரில் எரர் கோடு பார்க்கிறார்கள். கோடு எந்தப் பெட்டி பேசவில்லை என்று சொல்லும், ஏன் பேசவில்லை என்று சொல்லாது. அதனால் ஸ்கேனரை மாட்டுவதற்கு முன் டிக்கியின் விரிப்பைத் தூக்கி மோந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் கடையில் இன்றும் சட்டம்.

கார் வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிக்கியைக் காலி செய்து, விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்துவிட்டுக் குழியில் உலர்ந்த வெள்ளைத் துணியை ஒற்றிப் பாருங்கள். காகிதத்தை வைத்து பீடிங்கை இழுத்துப் பாருங்கள். இருட்டியபின் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, பார்க்கிங் லைட்டைப் போட்டு, பிரேக்கையும் இரண்டு பக்க இண்டிகேட்டரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் போட்டுப் பாருங்கள். ஒன்றைப் போட்டால் இன்னொன்று மங்கினாலோ மினுங்கினாலோ பல்பு வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். நேராக உங்கள் எலக்ட்ரீசியனிடம் போய், எர்த்தையும் தண்ணீர் வரும் வழியையும் பார்க்கச் சொல்லுங்கள்.